புரோட்டீனில் நட்சத்திரம் முளைத்தால்: சிலியேட் இன்ட்ரான் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எம்.எஸ்சி. புராஜெக்ட் முடிக்க வேண்டிய நேரம். இந்த வருடம் முதலில் கூப்பிட்டது உசிலம்பட்டிப் பையன் ஒருவன். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தில் தண்ணீர் எடுத்து, வைக்கோல் ஊறலில் பாரமீசியம் வளர்த்து, ஒரு மரபணுவை பிசிஆரில் பெருக்கி, அதன் சீக்வென்ஸையும், அதாவது ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகளின் வரிசையையும், வாங்கி வைத்திருந்தான்.

"அண்ணே, புரோட்டீனா மாத்துனா வரி முழுக்க நட்சத்திரமா வருதுண்ணே. சீக்வென்ஸ் கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை. பாரமீசியம் போன்ற சிலியேட்டுகளோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் கேட்கிற கேள்வி இது. நாம் பயன்படுத்தும் மென்பொருள் எல்லாம் மனிதன், எலி, ஈஸ்ட், பாக்டீரியா இவற்றை மனதில் வைத்துச் செய்தவை. குளத்துத் தண்ணீரில் மயிரிழைகளை அசைத்துக்கொண்டு திரியும் இந்த ஒற்றைச் செல் உயிரிகளுக்கு அந்த அளவு பொருந்தாது. சட்டை சேரவில்லை என்றால் ஆளைக் குறை சொல்லக்கூடாது, தைத்த அளவைத்தான் பார்க்க வேண்டும். கீழே அறிகுறிவாரியாகச் சொல்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

எதற்கும் முன்: குழாயில் இருப்பது யார்?

"பாரமீசியம்தான், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்" என்பது போதாது. செருப்பு வடிவத்தில் நீந்துவது எல்லாம் பாரமீசியம் ஆகாது. பாரமீசியமாகவே இருந்தாலும் அதன் கூடவே பாக்டீரியா, கசையுயிரிகள், ரோட்டிஃபர் என்று ஒரு ஊரே அந்த வைக்கோல் ஊறலில் குடியிருக்கும். உயிரிகளை அடையாளம் காணப் பயன்படும் 18எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை முதலில் பெருக்கிப் பார்த்து இனத்தை, குறைந்தபட்சம் பேரினத்தை, உறுதி செய்யுங்கள். ஒரே ஒரு செல்லைத் தனியாகப் பிடித்து, நல்ல தண்ணீரில் நாலைந்து முறை கழுவி, அதிலிருந்து வளர்த்த கல்ச்சராக இருந்தால் இன்னும் நல்லது.

இனம் தெரிந்தால்தான் அடுத்த இரண்டு விஷயங்கள் தெரியும்: எந்த மரபுக் குறியீட்டு அட்டவணையை (எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் பட்டியல்) போடுவது, எவ்வளவு நீளமான இன்ட்ரானை (மரபணுவின் நடுவே வந்து, ஆர்என்ஏவில் வெட்டி எறியப்படும் துண்டு) எதிர்பார்ப்பது. சிலியேட்டுகளில் இரண்டுமே வீட்டுக்கு வீடு மாறும்.

இன்னொன்று. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு விதமான உட்கரு உண்டு. சின்ன உட்கரு விதைநெல் மாதிரி, அடுத்த தலைமுறைக்காகப் பத்திரமாக வைத்திருப்பது. அன்றாட வேலைக்கான ஆர்என்ஏ எல்லாம் பெரிய உட்கருவிலிருந்து வருகிறது. பாரமீசியம் டெட்ராரேலியாவில் ஒவ்வொரு மரபணுவும் பெரிய உட்கருவில் சுமார் 800 படிகள் இருக்கும். ஆகவே சாதாரணமாக டிஎன்ஏ எடுத்தால் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் பெரிய உட்கருவுடையதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஓர் இடத்தில் வேண்டியிருக்கும்.

அறிகுறி 1: மொழிபெயர்த்த புரோட்டீனில் ஆங்காங்கே நட்சத்திரம்

நட்சத்திரம் என்றால் ஸ்டாப் கோடான். கோடான் என்பது மூன்றெழுத்துச் சொல், ஸ்டாப் என்றால் புரோட்டீன் அங்கே முடிகிறது. சாதாரண அட்டவணையில் டிஏஏ, டிஏஜி, டிஜிஏ மூன்றும் ஸ்டாப். பாரமீசியம், டெட்ராஹைமீனா, ஆக்சிட்ரைக்கா, ஸ்டைலோனிக்கியா இவற்றில் டிஏஏ, டிஏஜி இரண்டும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். டிஜிஏ மட்டும்தான் ஸ்டாப். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் போகிற பஸ் வழியில் உள்ள மூன்று நிறுத்தப் பலகைகளில் இரண்டை யாரோ கடை விளம்பரமாக மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் டிரைவருக்கு அது தெரியும். வெளியூர் டிரைவர் எல்லாவற்றிலும் நிறுத்துவார். உங்கள் மென்பொருள் வெளியூர் டிரைவர்.

செய்ய வேண்டியது: நட்சத்திரம் விழுந்த இடங்களில் எந்த மூன்றெழுத்து இருக்கிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் டிஏஏ, டிஏஜி என்றால் அட்டவணை எண் 6க்கு மாற்றுங்கள். மரபணுத் தரவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்சிபிஐ தளத்தில் அந்த எண்ணில்தான் இருக்கும். உசிலம்பட்டிப் பையனுக்கு இது ஒன்றிலேயே பதினோரு நட்சத்திரத்தில் பத்து மறைந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றுக்கு அறிகுறி 2.

எண்ணிப் பார்த்ததில் டிஜிஏ மட்டும் தொல்லை தருகிறது என்றால் வேறு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். யூப்ளோட்டஸில் டிஜிஏ சிஸ்டீனைக் குறிக்கும், அதற்கு அட்டவணை 10. பிளெஃபரிஸ்மா ஸ்டோல்டெய் என்ற இளஞ்சிவப்பு அழகியில் டிஜிஏ டிரிப்டோஃபான். இங்கே ஒரு குழி இருக்கிறது, பார்த்து நடங்கள். என்சிபிஐ பட்டியலில் பிளெஃபரிஸ்மா பெயரிலேயே 15ஆம் எண் அட்டவணை ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அதைப் போட்டால் டிஜிஏ ஸ்டாப்பாகவே நிற்கும், டிஏஜி குளூட்டமினாக மாறும். பிளெஃபரிஸ்மா ஸ்டோல்டெய்க்குப் பொருந்துவது எண் 4, அதாவது பூஞ்சை மைட்டோகாண்ட்ரியா, மைக்கோபிளாஸ்மா எல்லாம் பயன்படுத்தும் அட்டவணை. ஆக, அட்டவணையின் பெயரை நம்பாமல் உங்கள் சீக்வென்ஸை வைத்தே சரிபாருங்கள். தெரிந்த ஒரு புரோட்டீனோடு, உதாரணமாக ஆக்டின் அல்லது டியூபுலினோடு, அடுக்கிப் பார்த்து நட்சத்திரம் விழும் இடத்தில் மற்ற உயிரிகளில் என்ன அமினோ அமிலம் இருக்கிறது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

வோர்ட்டிசெல்லா வகையில் டிஏஏ, டிஏஜி இரண்டும் குளூட்டமிக் அமிலம், எண் 30. மீசோடினியத்தில் அவை டைரோசின், எண் 29. ஸ்டென்டார் மட்டும் நல்ல பிள்ளை, எல்லோரையும் போல எண் 1 போதும். கண்டிலோஸ்டோமா மேக்னம் கைக்கு வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். அதில் மூன்று ஸ்டாப்பும் அமினோ அமிலத்தையும் குறிக்கும், ஆர்என்ஏவின் கடைசிக்கு வரும்போது நிறுத்தமாகவும் வேலை செய்யும். 2016இல் அது வெளிவந்தபோது நான் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை நம்பவில்லை.

அறிகுறி 2: அட்டவணை சரி, ஆனால் ஓர் இடத்துக்குப் பிறகு புரோட்டீன் கோணிப்போகிறது

இதுதான் இன்ட்ரானின் கையெழுத்து. முதல் பாதி மற்ற பாரமீசியம் புரோட்டீன்களோடு அழகாகப் பொருந்தும். திடீரென்று ஓர் இடத்தில் எதற்கும் ஒட்டாத ஏழெட்டு அமினோ அமிலம், அதன்பின் ஒரு நட்சத்திரம், அப்புறம் வேறொரு ரீடிங் ஃபிரேமில், அதாவது மூன்று மூன்றாகப் பிரிப்பதை ஓரிரு எழுத்து தள்ளித் தொடங்கினால், மறுபடி பொருத்தம். நம்மில் பலர் இதை சீக்வென்ஸிங் பிழை என்று நினைத்து ஓர் எழுத்தை நீக்கிச் சரிசெய்யப் பார்ப்போம். செய்யாதீர்கள்.

பாடப் புத்தகத்தில் நாம் படித்த இன்ட்ரான் நூற்றுக்கணக்கில், மனிதனில் சராசரியாக ஆயிரக்கணக்கில் எழுத்துகள் கொண்டது. பாரமீசியம் டெட்ராரேலியாவில் இன்ட்ரானின் நீளம் பெரும்பாலும் 20 முதல் 34 எழுத்து வரை, அதிகம் காண்பது 25. அவ்வளவுதான். 2006இல் அதன் பெரிய உட்கரு மரபணுத்தொகுதி வெளியானபோது கிட்டத்தட்ட 40,000 மரபணுக்களில் சுமார் 90,000 இன்ட்ரான்கள் இருப்பது தெரிந்தது. எல்லாமே இப்படிப் பொடிப் பொடியானவை. பிசிஆரில் போடும் பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டின் நீளம் கூட இதற்குக் கிட்டத்தட்ட சமம்.

இவை பெரும்பாலும் ஜிடிஏ என்று தொடங்கி டிஏஜி என்று முடியும். அதை வைத்துக் கையால் தேடலாம். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். பயிற்சிக்காக நானே எழுதிய வரிசை இது, எந்த மரபணுவிலிருந்தும் எடுத்ததல்ல:

ஜிஏஏ ஏஏடி ஜிடிஏ ஏஜிடி ஏடிடி டிடிஏ ஏடிடி டிடிஏ டிடிடி ஏடிஏ ஜிசிடி டிஜிஏ ஏசிஏ ஏ

அட்டவணை 6இல் படித்தால் முதல் இரண்டு கோடான் குளூட்டமிக் அமிலம், அஸ்பராஜின். பின்னால் வேலின், செரின், ஐசோலூசின், லூசின் என்று ஏதோ ஒன்று ஓடுகிறது. பன்னிரண்டாவது கோடான் டிஜிஏ. அங்கே உண்மையான ஸ்டாப், பஸ் நின்றுவிடும்.

இப்போது மூன்றாவது கோடானிலுள்ள ஜிடிஏவிலிருந்து, ஏடிஏ-ஜி என்பதில் ஒளிந்திருக்கும் டிஏஜி வரை எண்ணுங்கள். எட்டு மூன்று இருபத்துநாலு, கடைசி ஜி ஒன்று, ஆக 25. அதை வெட்டி இரு பக்கத்தையும் ஒட்டினால்:

ஜிஏஏ ஏஏடி சிடிடி ஜிஏஏ சிஏஏ

குளூட்டமிக் அமிலம், அஸ்பராஜின், லூசின், குளூட்டமிக் அமிலம், குளூட்டமின். ஸ்டாப் போன இடம் தெரியவில்லை. 25ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும், அந்த ஒன்றுதான் ஃபிரேமை நகர்த்தி டிஜிஏவை உண்டாக்கியது.

உற்றுப் பார்த்தால் அந்த வரிசையில் இன்னொரு ஜிடிஏவும் இருக்கிறது. ஏஜிடி-ஏடிடி என்பதன் நடுவே, நாலு எழுத்து தள்ளி. அங்கிருந்து வெட்டினால் 21 எழுத்துதான் போகும், முன்னாலுள்ள நாலு எழுத்து உள்ளே தங்கிவிடும். அப்போது ஏஏடிக்குப் பிறகு ஜிடிஏ, ஏசிடி, டிஜிஏ என்று வரும். மறுபடி ஸ்டாப். ஆகவே 25தான் சரி. ஏ, டி நிறைந்த இந்த மரபணுக்களில் ஜிடிஏவும் டிஏஜியும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். முதலில் கண்ணில் பட்டதை வெட்டாமல் எல்லா ஜோடிகளையும் போட்டுப் பார்த்து, உறவுக்கார புரோட்டீனோடு பொருந்துவதை மட்டும் எடுங்கள். சிடிஎன்ஏ (ஆர்என்ஏவைப் பார்த்து எழுதிய டிஎன்ஏ படி) சீக்வென்ஸ் கையில் இருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம், அடுக்கிப் பார்த்தால் ஓட்டை தானாகத் தெரியும்.

ஒரு கிளைச் சேதி, விட்டுவிட மனமில்லை. வெட்ட மறந்த இன்ட்ரானை பாரமீசியம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாம் இப்போது கையால் செய்த மாதிரிதான். மொழிபெயர்ப்பு நடக்கும்போது ஃபிரேம் நகர்ந்து, சீக்கிரமே ஒரு டிஜிஏ வந்துவிட்டால், அந்த ஆர்என்ஏவைச் செல் அழித்துவிடும். இன்ட்ரானின் நீளம் மூன்றின் மடங்காக இருந்து உள்ளே டிஜிஏவும் இல்லாவிட்டால் தவறு பிடிபடாது. அப்படிப்பட்ட இன்ட்ரான்கள் அந்த மரபணுத்தொகுதியில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருப்பதை 2008இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் காட்டினார்கள். நீங்கள் கண்டுபிடித்த இன்ட்ரான் 24ஆகவோ 27ஆகவோ வந்து, உள்ளே டிஜிஏவும் இல்லை என்றால், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். அது மரபணுவில் நிஜமாகவே உள்ள எட்டு அல்லது ஒன்பது அமினோ அமிலமாகவும் இருக்கலாம்.

அறிகுறி 3: ஜெல்லில் டிஎன்ஏவுக்கும் சிடிஎன்ஏவுக்கும் ஒரே உயரத்தில் பட்டை

"ஜெல்லில் வித்தியாசம் இல்லை, ஆகவே இன்ட்ரான் இல்லை" என்று எழுதிய புராஜெக்ட் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன், கையெழுத்தும் ஆகியிருக்கும். 600 எழுத்துள்ள துண்டில் 25 குறைந்தால் ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் யார் கண்ணுக்கும் தெரியாது.

இன்ட்ரான் இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தை நடுவில் வைத்து, மொத்தம் 125 முதல் 150 எழுத்து மட்டும் வருகிற மாதிரி பிரைமர் போடுங்கள். 3 சதவீத ஜெல்லில், நிதானமாக, குறைந்த வோல்டேஜில் ஓட்டுங்கள். 125க்கும் 150க்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும். அவசரப்பட்டு வேகம் கூட்டினால் பட்டைகள் சிரித்த வாய் மாதிரி வளைந்து, இரண்டும் ஒன்று போலத் தோன்றும். பணம் இருந்தால் இரண்டையும் சீக்வென்ஸுக்கு அனுப்புவதுதான் நேர்வழி.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. ஆர்என்ஏவில் டிஎன்ஏ கலந்திருக்கிறதா என்று பார்க்க, இன்ட்ரானைத் தாண்டி பிரைமர் போட்டு "பெரிய பட்டை வரவில்லை, சுத்தம்" என்று சொல்வது நம் வழக்கம். பாரமீசியம் மாதிரி இன்ட்ரான் பொடியாக உள்ள சிலியேட்டில் இந்தப் பரிசோதனை செல்லாது. கலப்பு இருந்தாலும் பட்டை ஒரே உயரத்தில்தான் வரும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் என்ற நொதியைப் போடுங்கள். ஆர்என்ஏவைச் சிடிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும் கண்டிப்பாகக் கூடவே ஓட்டுங்கள். அந்தக் குழாயில் பட்டை வந்தால் உங்கள் சிடிஎன்ஏவில் செல்லின் டிஎன்ஏ கலந்திருக்கிறது.

அறிகுறி 4: ஆர்என்ஏ-சீக் அலைன்மென்டில் ஒரே இடத்தில், எல்லா ரீடிலும், 15 முதல் 25 எழுத்து காணாமல் போயிருக்கிறது

செல்லின் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாகப் படிப்பது ஆர்என்ஏ-சீக். ஒவ்வொரு துண்டும் ஒரு ரீட், அவற்றை மரபணுத்தொகுதியில் பொருத்தி வைப்பது அலைன்மென்ட், பொருத்துகிற மென்பொருள் அலைனர். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் பதியும். முதல் முதலாகக் கையில் பாரமீசியம் ஆர்என்ஏ தரவு வந்தபோது, அலைன்மென்டைத் திறந்தால் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு மூன்று இடங்களில் சின்னச் சின்ன டெலீஷன், அதாவது எழுத்துகள் விட்டுப்போன இடைவெளி. சீக்வென்ஸிங் செய்து கொடுத்த நிறுவனத்துக்கு நான் காரசாரமாக ஒரு மெயில் எழுதினேன். கெமிஸ்ட்ரி சரியில்லை, மறுபடி ஓட்டிக் கொடுங்கள் என்று. மூன்று நாள் கழித்து அங்கிருந்த ஒரு அம்மா பொறுமையாகப் பதில் எழுதினார்: "சார், டெலீஷன் எல்லாம் ஜிடியில் தொடங்கி ஏஜியில் முடிகிறதே, கவனித்தீர்களா?" அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன நடந்தது என்றால், அலைனர் ஒவ்வொன்றுக்கும் "இதற்குக் கீழே இருந்தால் இன்ட்ரான் அல்ல" என்று ஒரு எல்லை உண்டு. ஸ்டார் என்ற அலைனரில் நாம் எதையும் மாற்றாவிட்டால் அது 21. அதைவிடச் சிறிய இடைவெளியை அது டெலீஷன் என்றே எழுதும். ஹைசாட்2இல் 20. பழைய டாப்ஹேட்டில் 70, அதை வைத்துப் பார்த்தால் பாரமீசியத்தில் இன்ட்ரானே கிடைக்காது. என் தவறு எல்லையைப் பார்க்காமல் பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டியது.

பாரமீசியத்துக்குக் குறைந்தபட்ச எல்லையை 15க்குக் கொண்டு வாருங்கள். ஸ்டென்டார் செருலியஸ் என்றால் இன்னும் கீழே, 10 பக்கம். 2017இல் அதன் மரபணுத்தொகுதி வந்தபோது இன்ட்ரான்கள் பெரும்பாலும் 15, 16 எழுத்துதான் என்று தெரிந்தது. பிளெஃபரிஸ்மாவிலும் அதே கதை. இன்ட்ரானை வெட்டி இரு பக்கத்தையும் ஒட்டும் அவ்வளவு பெரிய ஸ்ப்ளைசிங் இயந்திரம் இந்தப் பதினைந்து எழுத்தின் மேல் எப்படி உட்காருகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

எல்லையைத் தாழ்த்தினால் வேறொரு தொல்லை வரும். நிஜமான டெலீஷன்கள் இன்ட்ரான் வேஷம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும். ஆகவே அலைன்மென்ட் முடிந்த பிறகு, இரு முனையிலும் ஜிடி, ஏஜி இருப்பவற்றை மட்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட ரீடுகள் சாட்சி சொல்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: இன்ட்ரான் ஆயிரக்கணக்கில் நீளம் என்று காட்டுகிறது

மேல் எல்லையை மறந்துவிட்டீர்கள். ஹைசாட்2 எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து லட்சம் எழுத்து வரை இன்ட்ரான் என்று ஒத்துக்கொள்ளும், அது மனிதனுக்கான தாராளம். பாரமீசியத்தில் மரபணுக்கள் சந்தைக் கடை மாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அந்தத் தாராளத்தில் இரண்டு மூன்று கடைகளின் சுவரை இடித்து ஒன்றாக்கிவிடும். பாரமீசியத்துக்கு மேல் எல்லை 100 வைத்தாலே தாராளம். டெட்ராஹைமீனாவில் இன்ட்ரான்கள் நீளம் அதிகம், சராசரி 165 பக்கம் வரும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அதற்கு இரண்டு மூன்றாயிரம் வையுங்கள்.

அப்படியும் பாரமீசியத்தில் "பாதி ரீடில் இன்ட்ரான் இருக்கிறது, பாதியில் இல்லை, இடமும் ஒத்துவரவில்லை" என்று குழப்பம் தொடர்ந்தால், இரட்டை மரபணுவைச் சந்தேகியுங்கள். பாரமீசியம் டெட்ராரேலியாவின் முன்னோர்களில் மரபணுத்தொகுதி முழுவதுமே குறைந்தது மூன்று தடவை இரட்டிப்பாகியிருக்கிறது. கடைசி இரட்டிப்பின் ஜோடிகளில் சுமார் பாதி இன்றும் ஜோடியாகவே இருக்கின்றன. அண்ணனுடைய ரீட் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும். பல இடங்களில் பொருந்தும் ரீடுகளை ஒதுக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அறிகுறி 6: ஓட்டை இருக்கிறது, ஆனால் ஜிடி-ஏஜி இல்லை, இரு முனையிலும் டிஏ

இது இன்ட்ரானே அல்ல. இன்ட்ரானின் பங்காளி மாதிரி தோற்றம் உள்ள வேறொரு ஆள். சின்ன உட்கருவில் மரபணுக்களுக்கு நடுவே, சில நேரம் மரபணுவுக்கு உள்ளேயே, நீக்கப்படும் துண்டுகள் இருக்கின்றன. ஐஇஎஸ் என்று கூப்பிடுவார்கள். புதிதாகப் பெரிய உட்கரு உருவாகும்போது இவற்றை டிஎன்ஏ மட்டத்திலேயே வெட்டி எறிந்துவிடும். பாரமீசியம் டெட்ராரேலியாவில் இப்படிச் சுமார் 45,000 துண்டுகள் உண்டு. மிகச் சிறியது 26 எழுத்து. நீளத்தை மட்டும் பார்த்தால் இன்ட்ரானோடு குழம்பாமல் இருக்க முடியாது.

பிரித்துப் பார்ப்பது எளிது. இன்ட்ரான் பெரிய உட்கருவின் டிஎன்ஏவில் இருக்கும், ஆர்என்ஏவில் இருக்காது. ஐஇஎஸ் இரண்டிலுமே இருக்காது, சின்ன உட்கருவில் மட்டும் இருக்கும். பாரமீசிய ஐஇஎஸ்ஸின் இரு முனையிலும் டிஏ இருக்கும், வெட்டிய பிறகு ஒரே ஒரு டிஏ மிஞ்சும். உங்கள் சாதாரண டிஎன்ஏவில் 800 படிக்கு நடுவே சின்ன உட்கருவின் குரல் கேட்காது என்று முன்னால் சொன்னேன். ஆகவே உங்கள் டிஎன்ஏ பிசிஆரில் ஐஇஎஸ்ஸோடு ஒரு பட்டை பளிச்சென்று வந்தால், ஒன்று உங்கள் கல்ச்சர் பாலினச் சேர்க்கை முடித்து புது உட்கரு கட்டிக்கொண்டிருக்கும் வேளையில் டிஎன்ஏ எடுத்திருக்கிறீர்கள், அல்லது அந்தத் துண்டு சில படிகளில் வெட்டப்படாமல் தங்கியிருக்கிறது. பட்டினி போட்ட பழைய கல்ச்சரில் இது வரும். புதிதாக வளர்த்து, நன்றாகச் சாப்பிடும் கல்ச்சரில் எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி 7: ஆர்ஆர்என்ஏ மரபணுவில் 400 எழுத்து கூடுதல்

டெட்ராஹைமீனா தெர்மோஃபிலாவின் 26எஸ் மரபணுவைப் பெருக்கியிருப்பீர்கள். பதறவேண்டாம், அதற்கு ஜிடியும் இல்லை, ஏஜியும் தேவையில்லை. உலகப் புகழ் பெற்ற இன்ட்ரான் அது, 400க்குச் சற்று மேல் நீளம். எந்தப் புரோட்டீனின் உதவியும் இல்லாமல், கொஞ்சம் மக்னீசியமும் குவானோசினும் இருந்தால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறும் என்று தாமஸ் செக் குழு 1982இல் காட்டியது. ஆர்என்ஏவும் வினையூக்கியாக வேலை செய்யும் என்பதற்காக அவருக்கும் சிட்னி ஆல்ட்மனுக்கும் 1989இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஸ்ப்ளைசிங் மென்பொருள்களிடம் இதைக் கேட்காதீர்கள், அவற்றுக்கு இது வேறு சாதி.

அறிகுறி 8: இன்ட்ரான் ஒன்றுகூட இல்லை

சந்தோஷப்படுவதற்கு முன் அது பாக்டீரியாவா என்று பாருங்கள். வைக்கோல் ஊறலில் பாரமீசியம் தின்பதே பாக்டீரியாவைத்தான். ஜி, சி விகிதத்தைக் கணக்கிடுங்கள். பாரமீசியம் டெட்ராரேலியா மரபணுத்தொகுதியில் ஏ, டி சேர்ந்து சுமார் 72 சதவீதம், டெட்ராஹைமீனாவில் 78. உங்கள் துண்டில் ஜி, சி பாதிக்கு மேல் வந்தால் அது உங்கள் ஆளுடையதாக இருப்பது கஷ்டம்.

பச்சை நிறப் பாரமீசியம் பர்சேரியா கிடைத்து ஆசையாக வளர்த்தவர்களுக்கு இன்னொன்று. அதன் உள்ளே குளோரெல்லா பாசி குடியிருக்கிறது. பாசிக்கு ஜி, சி மிக அதிகம், இன்ட்ரான்களும் நீளமானவை. "என் பாரமீசியத்தில் 200 எழுத்து இன்ட்ரான்" என்று ஒரு பெண் ஆறு மாதத்துக்கு முன் மாடக்குளத்துத் தண்ணீரோடு வந்தாள். பாசியின் மரபணுவைத்தான் பிடித்திருந்தாள். அவள் முகம் வாடியதைப் பார்த்து, அதையும் புராஜெக்டில் எழுது, நல்ல விஷயம்தான் என்றேன்.

அறிகுறி 9: யூப்ளோட்டஸில் ஓர் எழுத்து மட்டும் இடிக்கிறது

இன்ட்ரானும் இல்லை, சீக்வென்ஸும் சரி, சிடிஎன்ஏவிலும் அதே வரிசை, ஆனால் ஃபிரேம் ஓர் எழுத்து நகர்ந்தால்தான் புரோட்டீன் வருகிறது. யூப்ளோட்டஸ் என்றால் இது அதன் பிறவிக் குணம். ஏஏஏ-டிஏஏ, ஏஏஏ-டிஏஜி போன்ற இடங்களில் ரைபோசோம் நிற்காமல் ஓர் எழுத்து தாண்டிக் குதித்துப் படிப்பைத் தொடரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இது நடப்பது தெரியும். வரிசையைத் திருத்தாதீர்கள். குறிப்பு எழுதி அப்படியே விடுங்கள்.

பாரமீசியத்தில் இதே மாதிரி ஓர் எழுத்து இடித்தால் மட்டும் சீக்வென்ஸிங்கைச் சந்தேகியுங்கள். டி எழுத்து வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வந்தால் நாம் வழக்கமாகச் சீக்வென்ஸ் வாங்கும் சேங்கர் முறை தடுமாறும். மறு இழையிலிருந்தும் படித்துப் பாருங்கள்.

அறிகுறி 10: ஈ.கோலையில் புரோட்டீன் பாதியில் நிற்கிறது

பாரமீசியத்தின் டிஎன்ஏவிலிருந்து நேராக மரபணுவை எடுத்து, புரோட்டீன் செய்ய ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றினீர்கள் என்றால் இரண்டு தவறு. ஈ.கோலைக்கு இன்ட்ரானை வெட்டத் தெரியாது. டிஏஏ, டிஏஜி அதற்கு ஸ்டாப். சிடிஎன்ஏ எடுத்தாலும் முதல் தவறுதான் தீரும். குளூட்டமின் கோடான்களை எல்லாம் சிஏஏ, சிஏஜி என்று மாற்றி மரபணுவைச் செயற்கையாகச் செய்து வாங்குவதே மலிவு. இந்தக் காலத்தில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு உட்காருவதற்குக் காலமும் இல்லை, கரன்ட்டும் நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்

வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். சித்திரைத் திருவிழா வாரம் மட்டும் வேண்டாம், அழகர் ஆற்றில் இறங்கும் அன்று நான் ஊரிலேயே இருந்தாலும் கையில் சிக்க மாட்டேன். வரும்போது 18எஸ் முடிவு, சீக்வென்ஸின் மூல குரோமட்டோகிராம் கோப்பு, எந்த அட்டவணை எண் போட்டீர்கள் என்பது, அலைனரை ஓட்டிய கட்டளை வரி, இந்த நாலும் வேண்டும். நட்சத்திரம் விழுந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். என் போனில் அதுவே ஒரு கேலக்ஸி சேர்ந்துவிட்டது.